ஈரமண்ணில் இரண்டு தடங்கள்

கொல்லிமலைக்குக் கார் ஏறாத வெள்ளைக்காரன் காலம். காரவள்ளி அடிவாரத்தில் எங்கள் தோட்டத்துக் கார் இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார் அந்த மெக்கானிக். கருகிய புருவம், எலும்பு துருத்திய தோள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை ஈரமண்ணில் உருட்டிப் பார்க்காமல் அவர் பொருத்தவே மாட்டார். அன்று பழையதையும், கார் பேர் அச்சடித்த சீட்டோடு சீமையிலிருந்து வந்த புதியதையும் பக்கம் பக்கமாக உருட்டினார். அந்தத் தண்டுகளின் மேடுகள் பதித்த குழிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

"இது வேற வண்டியோடதுங்க. மாட்டினா வால்வு நேரந்தப்பித் தொறக்கும், இஞ்சின் ஓடாதுங்க."

"சீமையில அச்சடிச்ச சீட்டு பொய், உன்னோட சேறு நெசமாடா?" என்ற தோட்டத்து மேனேஜர் பூட்ஸ் காலால் இரு தடங்களையும் தேய்த்து அழித்தார். குமாஸ்தாவான என்னிடம் திரும்பி, "இங்கிலீஷ் படிச்சவன் நீ சொல்லுய்யா" என்றார்.

குழிகளைக் கண்ணால் பார்த்தவன் நான். "சீட்டுல நம்ம கார் பேர்தான் இருக்குதுங்க" என்றேன்.

"படிச்சதச் சொல்லீட்டீங்க சாமி. பாத்தத யாருங்க சொல்றது?" என்றார் மெக்கானிக்.

அப்போதே அவரை வேலையைவிட்டு விரட்டினார்கள். பூட்ஸ் போட்டவனை இத்தனை வருடமாகத் திட்டித் தீர்த்துவிட்டேன். என்னை என்ன சொல்லித் திட்டுவது?