கண்டாவளை வயலில் கிடந்த ஈயக்கட்டி

பாதித் தோசைக்கல் அளவுதான் இருக்கும். ஆனால் தூக்கினால் பாரம் கையைக் கீழே இழுத்தது. வவுனியாவில் கனிமப் பகுப்பாய்வு படித்துக்கொண்டிருந்த என்னிடம் அந்தக் கட்டியை உரப்பையில் சுற்றித் தந்தவர், கண்டாவளையில் அது கிடந்த வயலின் சொந்தக்காரி அக்கா. தந்துவிட்டும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பிள்ளை, இது பழங்காலத்துச் சாமான் எண்டு எழுதினால், தொல்பொருள் ஆக்கள் வந்து என்ர வயலைச் சுத்திக் கம்பி அடிச்சுப்போடுவினமோ?”

“தெரியாது அக்கா. பாத்ததைத்தான் எழுதுவன்.”

“இல்லையெண்டு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.”

இடம்பெயர்ந்து திரும்பி, பற்றையாய்க் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தியவர். மாரி மழையோடு வரும் காலபோக விதைப்புக்கு இரண்டு கிழமையே இருந்தது.

குறிப்புப் புத்தகத்தில் மூன்று கேள்விகள் எழுதினேன். இது என்ன? எதற்காக உருக்கினார்கள்? எங்கே உருக்கினார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க வயல் மண்ணும் ஒரு பை கேட்டேன்.

“நடுவுக்க கிண்டாதேங்கோ. வரம்போரம் எடுங்கோ.”

முதல் இரண்டுக்கும் பதில் சுலபமாகக் கிடைத்தது. கட்டியில் ஈய ஒட்சைட்டு, எலும்புச் சாம்பல், ஊசிமுனை அளவில் வெள்ளித் துளிகள். கலப்பு வெள்ளியை ஈயத்தோடு சேர்த்துச் சாம்பல் குழியில் காய்ச்சினால், ஈயம் அழுக்கை இழுத்துக்கொண்டு சாம்பலில் ஊறிவிடும். சுத்த வெள்ளி மேலே நிற்கும். என் கையிலிருந்தது அந்த ஊறிய சாம்பல். ‘கண்டாவளையில் ஒரு வெள்ளி உலை’ என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பும் எழுதிவிட்டேன். பிறகுதான் மேசையில் கிடந்த உரப்பை கண்ணில் பட்டது; அக்கா கம்பியைப் பற்றிக் கேட்டது நினைவுக்கு வந்தது.

மூன்றாவது கேள்விக்காகக் கட்டியின் அடிப்பக்கத்தை மெல்லிய தகடாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். மணல்மணிகள் தெரிந்தன. அவை பிறகு வந்து ஒட்டியவை அல்ல; ஓரம் உருகி உள்ளே புதைந்திருந்தன. உலை இருந்த நிலத்து மணல் அது. கறுப்பு இல்மனைட்டும் சிவப்புக் கார்னெட்டும் நிறைந்த, முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரை மணல். அக்காவின் வயல் மண்ணோ வெறும் களிமண்.

தொலைபேசி எடுத்தேன்.

“அக்கா, கடற்கரைப் பக்கமிருந்து ஆரும் உங்கட வயலுக்கு வந்தவையோ?”

அக்கா சிரித்தார். “ஐயோ, என்ர தம்பிக்காரன்!”

முல்லைத்தீவில் கலியாணம் செய்தவராம். போன வருடம் உழவு இயந்திரத்தோடு வந்து வயலை மட்டப்படுத்திக் கொடுத்தாராம். இழுக்கும் பலகை துள்ளாமலிருக்க அதன்மேல் பாரம் வைப்பார்கள். தம்பியிடம் கேட்டுவிட்டு அக்கா திரும்ப எடுத்தார்.

“அவன்ர பாரக்கல்லாம். கரையில பொறுக்கினதாம். நான்தான் களவெடுத்தனான் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சவனாம். திருப்பித் தரட்டாம்.”

“தரேலாது அக்கா.”

“அவன் கிடக்கட்டும். என்ர வயல்?”

“அது அங்க உருக்கினதில்லை. அப்பிடித்தான் எழுதுறன்.”

தலைப்பிலிருந்து கண்டாவளையை வெட்டினேன். உலை இருந்த இடம் என்ற வரியில், ‘முல்லைத்தீவுக் கரையோரம், சரியான இடம் தெரியாது’ என்று எழுதினேன். எழுதக் கொஞ்சம் வலித்தது.

மிஞ்சிய மண்ணைக் கொண்டுபோன அன்று விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அக்கா பையை வாங்கி, நான் எடுத்த அதே வரம்போரம் கொட்டி, காலால் மிதித்து மட்டப்படுத்தினார்.