மாடி யாருக்கு

அடுத்த கோடையோடு எனக்கு ஓய்வு. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தச் சட்டம் கற்பிக்கிறேன். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவள், அங்கேயே நரைத்துவிட்டேன். இப்போது துறையில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அப்புறம் என்ன செய்யப்போகிறீர்கள்? கேட்கிறவர்களுக்குத்தான் ஆர்வம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் அறையை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று என் முன்னாலேயே பேசுகிறார்கள். நானும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, என்னை நானே அவ்வப்போது தொட்டுப் பார்க்கிறேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முடிவு செய்திருந்தேன். ஆம்பூருக்கு வந்து தங்கையோடு இருந்துவிடுவது. எனக்குக் குடும்பம் என்று வேறு யாரும் இல்லை. அவள் வீட்டு மாடிப் போர்ஷன் என்னை நினைத்துக் கட்டியது. நான் லீவுக்கு வந்தால் திறப்பாள், மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். அவள் கணவர் இறந்துபோன பிறகு எத்தனையோ பேர் வாடகைக்குக் கேட்டார்கள். "அக்கா வந்தா எங்க தங்கும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்து இறங்கிய மறுநாளே அவள் பேச்சை எடுத்தாள். அன்று ஷூ கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். தையல் பிரிவில் சூப்பர்வைசர். மொச்சை உரித்துக்கொண்டே சொன்னாள். அவள் மகனுக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. வாலாஜாபேட்டையில் ஒரு பெண் அமைந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்ல வீடு பாக்க வர்றாங்க. நீ வந்து இருக்கறதா இருந்தா, அவங்க ரெண்டு பேரும் வாலாஜாவுலியே குடித்தனம் இருக்கட்டும். இல்லன்னா மாடி அவங்களுக்கு. நீ இன்னாக்கா சொல்ற?"

வர்றேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் விமானம் ஏறி வந்திருந்தேன். ஆனால் செய்த தொழில் விடுமா? எந்தக் கேள்வியானாலும், எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் சொல், அவர்களே சொல்வதைவிட நன்றாகச் சொல், அதற்கப்புறம் உன் பக்கத்துக்கு வா என்று மாணவர்களின் உயிரை வாங்கியிருக்கிறேன். எனக்கே இப்போது வேறு மாதிரிப் பேச வருவதில்லை. காய்கறிக் கடையில்கூட முதலில் கத்தரிக்காய்க்கு எதிராகப் பேசிவிட்டுத்தான் கத்தரிக்காய் வாங்குவேன்.

ஆகவே, வராமல் இருப்பதற்கான காரணங்களில் ஆரம்பித்தேன். என் முட்டிக்கு அந்த மாடிப்படி ஆகாது. அங்கே என் டாக்டருக்கு என் உடம்பு தெரியும். இந்த ஊர் வெயில் இனிமேல் தாங்காது. தனியாகவே இருந்து பழகிவிட்டேன், யாராவது டிவியைச் சத்தமாக வைத்தால் எரிந்து விழுவேன். பழகிய நாலு பேர் இருப்பதும் அங்கேதான். ஒவ்வொன்றையும் நிறுத்தி, அழுத்தி, நன்றாகவே சொன்னேன். வகுப்பில் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட்டு, 'இருந்தாலும்' என்று தொடங்குவேன். நான் மூச்சு விட்ட நேரத்தில் வாசலில் சிலிண்டர்காரர் குரல் கொடுத்தார்.

தங்கை எழுந்து போனாள். திரும்பி வரும்போதே மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பெரியம்மாவுக்கு அங்கியே செட் ஆயிடுச்சுடா. மாடி உங்களுக்குத்தான். வாலாஜா வீட்டுப் பேச்சை விட்டுடு."

நான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. மளிகைக்கடைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குள் எல்லாம் அப்படியே நின்றுபோனது. சரி, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிக்கொள்ளலாம் என்று மொச்சையை உரிக்க உட்கார்ந்தேன்.

சொல்லவில்லை. மாடியைக் கழுவிவிட்டோம். என் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கீழே கொண்டுவந்தோம். பெட்டியை ஒட்டுவதற்கு டேப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

எங்கள் பக்கத்தில், பெண் வீட்டார் பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். கை நனைத்துவிட்டால், அதாவது சாப்பிட்டுவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேசியதை மாற்றக் கூடாது. கையெழுத்து இல்லாமல் நடத்தையாலேயே முடிகிற ஒப்பந்தத்துக்கு இதைத்தான் வகுப்பில் உதாரணம் சொல்வேன். மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஞாயிறன்று பெண் வீட்டார் வந்தார்கள், பெண்ணையும் அழைத்துக்கொண்டு. எல்லாரும் மாடி ஏறினோம். அந்தப் பெண் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து, "கட்டில எந்தப் பக்கம் போட்டா காத்து வரும் ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ஜன்னலோரமா போடும்மா. சாயங்காலம் தோல் கம்பெனி வாடை ஜாஸ்தியா வரும், அப்ப மட்டும் சாத்திடு," என்றேன்.

அவள் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குத் திருப்தி, சாப்பிடலாம்," என்றார். கீழே இலை போட்டார்கள். நான்தான் முதலில் கேசரி பரிமாறினேன். கரண்டியோடு பக்கத்திலேயே நின்றேன். பெண்ணின் அப்பா கேசரியை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

ஸ்காட்லாந்துக்குத் திரும்பும் நாளில் தங்கை ரயிலடிக்கு வந்தாள். சென்னை வண்டி தாமதம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீ வந்துடுவேன்னுதான்கா இருந்தேன். புள்ள வாலாஜாவுல வீடு பாத்து, சாவியே வாங்கிட்டு வந்துட்டான். அன்னிக்கு நீ அவ்ளோ சொன்ன பிறவு திருப்பிக் குடுத்துட்டான். உன் எதிர்ல அழுதா நீ சங்கடப்படுவியேன்னு, ஒண்ணும் இல்லாத மாதிரி போன்ல பேசிட்டேன். உள்ள போய்தான் அழுதேன்."

"நான் வர்றேன்னு சொல்லத்தான் வந்தேன்," என்றேன்.

"இன்னா?"

"வர்றேன்னு சொல்லத்தான் வந்தேன்டி. பாதிப் பேச்சுல நீ எழுந்து போய்ட்ட."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"அவங்க கை நனைச்சிட்டாங்களேக்கா," என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வயதுக்கு மேல், ஆம்பூர் ஸ்டேஷனில், நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன்.