பொன்னுக்கு வீங்கி என்று போட்ட சங்கிலி

1965 கோடை விடுமுறை. மதுரையில் பி.எஸ்ஸி. முதல் வருடம் முடித்துத் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தேன். எதிர்வீட்டுச் சிறுமிக்கு ஆறு வயது. ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து, பக்கத்து வீட்டு அக்கா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டிருந்தாள். தங்கம் பட்டால் வீக்கம் வற்றுமாம். தெருப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க அவளைச் சுற்றியே கிடந்தார்கள்.

வீக்கம் வற்றவில்லை. மதுரையில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள்.

எனக்கோ நாக்கு துறுதுறுத்தது. ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோய்க்கு வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். குழாயடியில் குடத்தோடு நின்றவர்களிடம், "கிருமிதான் காரணம். கண்டுபிடிச்சுட்டாங்க" என்று அளந்தேன். 'இருக்கலாம்' என்பதை விழுங்கிவிட்டேன். இவளுக்கு வந்திருப்பது அதே நோய்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

"அப்ப ஒட்டுமாய்யா?" என்றாள் ஒருத்தி.

"அதையும் ஆராய்ச்சி பண்றாங்க" என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

மறுநாளே, சிறுமியின் அம்மா தொட்ட குழாயைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். அக்கா சங்கிலியைத் திரும்ப வாங்கி மஞ்சள் தண்ணீரில் கொதிக்கவைத்தாள். பிள்ளைகள் வரவே இல்லை. உண்மையிலேயே ஒட்டுகிற பொன்னுக்கு வீங்கி என்று நம்பியபோது அவளைச் சுற்றிக் கிடந்த அதே பிள்ளைகள்தான்.

"நீங்க படிச்சவுக தம்பி. ஒட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பிள்ளை வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு" என்று அந்த அம்மா வந்து அழுதார்.

ஒரு டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. ஏலே அப்பு, மொதல்ல நீ போயி அதுகூட வெளையாடு, பாப்போம்" என்று சிரித்தாள் அக்கா.

போனேன். சிறுமி ஆசையாகப் பல்லாங்குழியை எடுத்து வைத்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு வீங்காதா?"

"வீங்காது."

ஆனால் அவள் புளியங்கொட்டைகளை நீட்டியபோது என் கை ஒரு கணம் பின்னால் போனது. அவள் பார்த்துவிட்டாள். கொட்டைகளைத் தரையில் வைத்து, ஒரு குச்சியால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள். இன்றும் புதிதாக எதையாவது படித்துவிட்டுச் சொல்ல ஓடும்போது, குச்சியால் தள்ளிவிடப்பட்ட அந்தப் புளியங்கொட்டைகள் கண்முன் வந்து என் வாயை அடைத்துவிடுகின்றன.