செடிக்கு ஒரு டம்ளர்

எங்கள் அப்பா பொய்யே சொல்லாதவர் என்று இந்த நினைவு மலரில் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். சொன்னார். தினம் ஒரு பொய் சொன்னார். மகள் நான் எழுதாவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அப்பா பிறந்தது காடாம்புலியூரில், முந்திரித் தோப்பில் கூலிக்குப் போன குடும்பத்தில். சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தவர், காதோரம் நரைத்த பிறகுதான் பெர்மனென்ட் ஆனார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் இறங்கிவிடுவார். கடலூரையே புரட்டிப்போட்ட 'தானே' புயல் அந்தத் தோட்டத்தில் ஒரு மரத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் ஒரு ரப்பர் செடியைத் தொட்டியோடு வாங்கிவந்து கூடத்து ஜன்னலோரம் வைத்தார்.

"இது வூட்டுக்குள்ள இருக்குது. எந்தக் காத்து வந்து என்ன பண்ணும்?" என்றார்.

அதற்கு வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைப்பார். மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். விருந்தாளி யாராவது குடித்த மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "வேர் அழுவிச் செத்துப்பூடும்ங்க!"

ஓய்வு பெற்று, அந்தச் செடியோடு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தபின் அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாயின. டயாலிசிஸ் தொடங்கியது. தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், மீறினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். அம்மா ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியொரு கறாரான காவலை நான் சுரங்க வாசலிலும் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் அப்பா உதட்டை நக்கிக்கொண்டே கிடப்பார். பார்க்கச் சகிக்காது.

அப்போதுதான் செடிக்குத் தினம் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். "வெயிலு இந்தப் போடு போடுது. அதுவும் உசுருதானே?" செடி விஷயத்தில் அப்பாவை எதிர்த்துப் பேச எங்களில் யார் இருந்தார்கள்? அம்மாவே டம்ளரைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பார்.

அப்பாவுக்குக் கால் வீங்கியது. எடை பார்த்த நர்ஸ், "தண்ணி ஜாஸ்தியா குடிக்கிறாருங்க" என்றார். அம்மா சண்டைக்கே போய்விட்டார். "என் கையால அளந்து குடுக்குறேன், எப்படிங்க ஏறும்?"

ஒரு காலையில் கூடம் பெருக்கும்போது செடியின் அடி இலைகள் உதிர்ந்து கிடந்தன. அம்மா மண்ணில் விரல் விட்டார். விரல் இறங்கவில்லை. மண் கல்லாக இறுகியிருந்தது.

"உங்கப்பா என்னை ஏமாத்திகினு இருந்திருக்காரு பாப்பா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "தாகம் தாங்கலடி. வேற ஒண்ணும் இல்ல."

அதன்பின் அப்பா செடிக்கென்று தண்ணீர் கேட்கவில்லை. அவர் தூங்கும்போது அம்மா ஊற்றினார். செடி தேறிவிட்டது, அப்பா தேறவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, "ஒரே ஒரு மடக்கு" என்று கெஞ்சிக்கொண்டே ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். அந்த மடக்கை அம்மா கொடுக்கவில்லை. எங்கள் அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று பேசியவர்களும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள்.

டயாலிசிஸுக்கு அலுக்காமல் அழைத்துப்போன ஆட்டோ அண்ணனுக்கும், அப்பாவுக்கு ஆகாது என்றதும் பலாப்பழத்தை முகம் கோணாமல் திருப்பி எடுத்துச் சென்ற காடாம்புலியூர் உறவுகளுக்கும், தோள் கொடுத்த சுரங்கத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று கொட்டும் மழையில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்த பங்காளிகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்பாவைக் குளிப்பாட்டும்போது சித்தப்பா சொம்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"வாய் தொறந்துகினு இருக்குது அண்ணி. தண்ணி உள்ள போவுது."

"போவட்டும்" என்றார் அம்மா. "ஊத்துங்க தம்பி. இன்னும் ஊத்துங்க."