எதிர்க்கடை வைரஸ் இங்கே இலவசமாக நீக்கப்படும்

என் அண்ணி சண்டை போட்டால் பயப்படத் தேவையில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்து போனால்தான் பயப்பட வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் தெரு முழுக்கத் தெரியும். கத்தித் தீர்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதே ஆளிடம் டீ வாங்கிக் குடிப்பேன். அண்ணி அப்படியில்லை. வாங்கிய பேச்சை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் ரகம். கல்லுளிமங்கி என்பான் என் அண்ணன். அவன் பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் ஹாரன் அடிப்பதோடு சரி, வீட்டில் அவன் சத்தம் கேட்காது.

கல்லூரிக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு தையல் கடை. அதற்கு நேர் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அண்ணி அங்கேதான் டைப் அடிக்கும் வேலையில் இருந்தார். அந்த முதலாளிக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஓகே'. சும்மா வைக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் எது வந்து என்ன கேட்டாலும் படிக்கவே மாட்டார், ஓகேயை அமுக்கிவிடுவார். "கேக்குறதுக்கெல்லாம் ஓகே குடும்மா, அது பாட்டுக்குப் போயிடும்" என்பது அந்தக் கடையின் சட்டம்.

அங்கே இருந்தது பழைய விண்டோஸ். செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வருஷக்கணக்காகிவிட்டது. புதுசாக ஒரு வைரஸ் வந்தால் அதற்குத் தடுப்பு வராது. அப்படிப்பட்ட பெட்டியில்தான் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை ஊரார் பென்டிரைவையெல்லாம் செருகி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் இருப்பது அடுத்ததற்குத் தொற்றாமல் என்ன செய்யும்? அண்ணி சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

"இத மாத்திடலாம்ங்க. இதுக்கு இப்ப பாதுகாப்பே கிடையாது."

"ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிக்கணும்?" என்பார் ஓகே. வைரஸ் என்றால் இன்டர்நெட் ஒயர் வழியாக வருவது என்று அவருக்கு நினைப்பு. அதனால் வேலை முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைப்பார். பென்டிரைவை மட்டும் சட்டையில் துடைத்து, ஒரு ஊது ஊதிச் செருகுவார். வைரஸ் என்ன மாவா, ஊதினால் பறக்க?

அந்த ஆராய்ச்சி டீச்சர் வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மா அவர். எழுதிய முழு ஆராய்ச்சியும் ஒரே ஒரு பென்டிரைவில். வேறு நகல் இல்லை. அண்ணி அதைச் செருகினார். உள்ளே இருந்த ஃபோல்டரெல்லாம் காணாமல்போய், அதே பெயரில் சின்ன அம்புக்குறி போட்ட பொம்மைகள் மட்டும் இருந்தன. எதைத் திறந்தாலும் காலி. அண்ணி உடனே கையை எடுத்துவிட்டார். "எதையும் தொடாதீங்க, கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர கூப்பிட்டுக் காட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு அவரைக் கூப்பிடத் தெருமுனைக்குப் போனார்.

திரும்பி வருவதற்குள் ஓகே நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைக் காட்டிவிட்டார். பென்டிரைவை எடுத்து ஊதிச் செருகி, எதையோ நோண்டி, கம்ப்யூட்டர் 'அழித்துச் சுத்தம் செய்யட்டுமா' என்று கேட்டதற்கும் ஓகே. அவ்வளவுதான். மொத்தமும் துடைத்துப்போட்டாயிற்று.

டீச்சர் போட்ட சத்தத்தில் நான் கத்தரிக்கோலும் கையுமாக ஓடினேன். ஓகே என்ன சொன்னார் தெரியுமா? கூசாமல் சொன்னார்: "எங்கடைப் பொண்ணு வேலைங்க மேடம். பாட்டு ஏத்துறேன், படம் ஏத்துறேன்னு கண்டதையும் போட்டு வைரஸ் கொண்டாந்துட்டா. அவதான் வைரஸே."

"படிப்பறிவு இல்லாததுங்கள இதுக்கு முன்னாடி உக்கார வெச்சா வேற என்ன ஆகும்?" என்றார் டீச்சர். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையைப் பிடித்தார். தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார். ஒன்றும் பேசாமல் ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்து, நான் பாதியில் விட்டிருந்த ரவிக்கைக்கு ஹூக் தைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவர் பெயர் வைரஸ். காய் விற்கிறவர் வரை அதே பெயர்தான். "வைரஸ் அக்கா, தக்காளி வேணுமா?" அவர் மனசில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை, அதுதான் எரிச்சல். அண்ணன் மகளைப் பள்ளிக்கூடத்தில் "குட்டி வைரஸ், தள்ளி உக்காரு" என்று கிண்டலடித்தார்கள். பிள்ளை வந்து அழுதது. அண்ணன், "விட்டுத் தள்ளு, நாளானா மறந்துடுவாங்க" என்றான். அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கொஞ்ச காலம் கழித்து அண்ணி என் கடையில் பாதியைக் கேட்டார். நடுவில் பலகைத் தடுப்புப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பழைய பிரிண்டர். திறந்து பார்த்தால் அதிலும் அதே பாழாய்ப்போன விண்டோஸ். எனக்குத் தலை சுற்றியது. ரிப்பேர்க்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புது விண்டோஸ இது தாங்காதும்மா. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதப் போட்டுக்கோங்க. இந்தப் பெட்டிக்கு அது போதும். யாரும் காசும் கேக்க மாட்டாங்க."

"அதுல வைரஸே வராதா?" என்று நான் கேட்டேன்.

"வராதுன்னு சொன்னா நான் பொய்யன். ஆனா வைரஸ் நுழையிற ஓட்டை தெரிஞ்சா அடைக்க ஆள் இருக்காங்க. அப்பப்ப திருத்தம் வரும், விடாம போட்டுக்கணும். உங்க பழசுல ஓட்டை இருந்தா இருந்ததுதான், எட்டிப் பாக்கக்கூட ஆள் இல்ல."

போட்டார். முதல் வாரம் நாங்கள் பட்ட பாடு! பிரிண்டர் முரண்டு பிடித்தது. ஒரே பக்கத்துக்குள் இருக்க வேண்டிய வேலை விண்ணப்பம் ரெண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அண்ணியின் விரல் பழைய இடத்துக்கே போகும், வேறு எழுத்து விழும். "தூக்கிப் போட்டுட்டுப் பழசையே போடுங்க அண்ணி" என்று நான் கத்தினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக ரிப்பேர்க்காரரிடம் கேட்டுச் சரிசெய்துகொண்டார். திருத்தம் வந்திருக்கிறது என்று திரை சொன்னால் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் கையை வைப்பார்.

அப்புறம் ஒரு மதியம் ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். எதிர்க்கடையில் செருகி எடுத்தாளாம், எல்லாம் போய்விட்டதாம், வெறும் அம்புக்குறி மட்டும் இருக்கிறதாம். அண்ணி பென்டிரைவை வாங்கிச் செருகினார். திரையில் அம்புக்குறிகள் ஒரு பக்கம் கிடந்தன. பக்கத்திலேயே அவளுடைய ஃபோல்டர்கள் ஒன்று விடாமல் அத்தனையும் நின்றன. அந்த வைரஸ் எதையும் அழிப்பதில்லையாம், ஒளித்துத்தான் வைக்குமாம். லினக்ஸிடம் அந்த ஒளிப்பு பலிக்கவில்லை. அண்ணி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, செருகினார், அவ்வளவுதான்.

மாணவி குதித்துக்கொண்டு போனாள். அண்ணி நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்ன அண்ணி?"

"அப்போ டீச்சரோட ஆராய்ச்சி அன்னிக்கு அழியவே இல்லடி வாயாடி. அந்த ஆளு ஓகே அமுக்குற வரைக்கும் உள்ளதான் இருந்திருக்கு."

அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. மறுநாள் அண்ணி இருப்பதிலேயே பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்து, லேமினேட் போட்டு, ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டார்: 'எதிர்க்கடை வைரஸ் இங்கே இலவசமாக நீக்கப்படும்.'

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையல் மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஓகே கடையிலிருந்து பாய்ந்து வந்தார். "என்னம்மா திமிரா? போலீஸ்ல சொல்லுவேன்!"

"சொல்லுங்க. வரும்போது அவங்க பென்டிரைவையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றார் அண்ணி, தலையைக் கூட நிமிர்த்தாமல்.

பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு பென்டிரைவோடு வந்தார்கள். பிறகு நேராக எங்களிடமே வர ஆரம்பித்தார்கள். எதிர்க்கடையில் ஈ ஓட்டினார்கள். ஆனால் அண்ணியின் முகம் தெளியவில்லை. காய்க்காரர் வாயில் இன்னும் அதே பெயர். "வைரஸ் அக்கா கடைல குடுத்தா வைரஸ் போயிடும்" என்றுதான் ஊர் பேசியது. அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. கடை அவருக்கு ஒரு பொருட்டில்லை, தன் மேல் ஒட்டின அந்தப் பெயரை ஒட்டினவன் கையாலேயே பிய்த்தெடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தப் பெயர் ஒட்டி ஆறு வருஷம் ஆன பிறகு அதற்கும் நாள் வந்தது. கல்லூரி ஆண்டு மலர் வேலை வருஷா வருஷம் ஓகேயிடம்தான் போகும். மாதக்கணக்கில் டைப் அடித்ததெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தார். மலரை அச்சுக்கு அனுப்ப வேண்டிய அன்று செருகினால், எல்லாம் அம்புக்குறி. மனுஷன் என்ன செய்வார்? பழக்கம் விடுமா? திரை என்னமோ கேட்டதும் ஓகேயை அமுக்கக் கை போயிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து வந்து அந்தக் கையிலேயே ஒரு அடி போட்டிருக்கிறார். அந்த அம்மாவே சொன்னது இது. டிஸ்க்கைப் பிடுங்கி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் புருஷனையும் இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"இந்தாம்மா, நீயே பாரு. இந்த மனுஷன் கை பட்டா எதுவும் உருப்படாது."

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அண்ணி டிஸ்க்கை வாங்கிச் செருகினார். மலர் முழுக்க அப்படியே இருந்தது, கட்டுரை, கவிதை, முதல்வர் படம் எல்லாம். ஓகே ஒரு பெருமூச்சு விட்டார். அண்ணி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டீச்சரோட பென்டிரைவும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லங்க?"

ஓகே டிஸ்க்கை எடுக்கக் கை நீட்டினார், அண்ணி அதை நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்கு ஓகே குடுத்தது யாரு?"

"பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா..."

"யாரு?"

எனக்கு அந்த டிஸ்க்கைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசலாம் போல இருந்தது. நானாக இருந்தால் வீசியிருப்பேன். அந்த நேரம் பார்த்து ஓகேயின் போன் அடித்தது. எட்டிப் பார்த்த அவர் மனைவி, "மலர் கமிட்டி மேடம்" என்றார். யார் என்கிறீர்கள்? அதே ஆராய்ச்சி டீச்சர்தான். பட்டம் வாங்கி இப்போது கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அண்ணி. ஓகே தயங்கினார். மனைவி போனைப் பிடுங்கித் தானே போட்டார்.

"மலர் என்னங்க ஆச்சு? அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க!"

அண்ணி ஓகேயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓகே போன் பக்கம் குனிந்தார். "மேடம், மலர் பத்திரமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷம் முன்னால உங்க ஆராய்ச்சி போச்சே, அது எங்கடைப் பொண்ணு பண்ணதில்ல."

"எந்தப் பொண்ணு?" டீச்சர் யோசித்தார். "ஓ, அந்த வைரஸா?"

முகம் மறந்துபோயிருக்கிறது, பெயர் மட்டும் மறக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில்.

"திரும்பச் சொல்லுங்க. தெளிவா" என்றார் அண்ணி.

"அவங்க வைரஸ் இல்ல மேடம். தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் ஓகே அமுக்கி அழிச்சேன். உள்ள எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கு. பழிய அவங்க மேல போட்டுட்டேன்."

டீச்சரின் குரல் உடைந்து வந்தது. "அழியலையா? ரெண்டு வருஷம் உக்காந்து மறுபடி எழுதினேன்யா நான்! ரெண்டு வருஷம்! மலர் வேலைய அவங்க கிட்டயே குடுத்துடுங்க, உங்க மூஞ்சியே எனக்கு வேணாம்." கொஞ்சம் விட்டு, "அவங்க பக்கத்துல இருக்காங்களா? என்னை மன்னிச்சிடுங்கன்னு..."

"கேட்டுக்கிட்டேன்" என்றார் அண்ணி. பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்.

மலரை நகல் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கைச் சுத்தம் செய்து ஓகேயின் மனைவி கையில் கொடுத்தார். அந்த அம்மா, "எங்க பெட்டிக்கும் இந்த லினக்ஸையே போட்டுக் குடும்மா" என்றார். "ரிப்பேர்க்காரர அனுப்புறேன்மா, கண்டிப்பா போடுங்க" என்றார் அண்ணி. ஓகே மட்டும் வாசலில் நின்று தாளை அண்ணாந்து பார்த்தார்.

"அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே. அந்தப் போர்ட இனிமே எடுத்துடலாமில்ல?"

"ஆறு வருஷம் அந்தப் பேர நான் சொமந்தேன்" என்றார் அண்ணி. "இதுவும் ஆறு வருஷம் தொங்கட்டும். அப்புறமா வாங்க, பேசுவோம்."