பதினொன்றுக்குப் பதினொன்று

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் இருபத்தாறு வருஷம் பாகங்களை அளந்து பார்த்தவள் நான். ரிட்டயரான மறு மாசமே எங்கள் சபை பாஸ்டர் கூப்பிட்டார்.

"சிஸ்டர், பதினாலு ஜெபக்குழு வாரா வாரம் ஊடு ஊடா கூடுது. எது நல்லா நடக்குது, எது படுத்துக்கினு இருக்குதுன்னு எனக்கே தெரில. நீங்க கொஞ்சம் பாருங்க."

எக்செல்லில் ஒரு ஷீட் போட்டேன். குழுத் தலைவர்கள் வாட்ஸ்அப்பில் வருகையை அனுப்புவார்கள். ஆள் குறைந்தால் சிவப்பு, நிறைந்தால் பச்சை. வராதவர்களின் பெயரை வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் மைக்கில் வாசித்து ஜெபிப்பார். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆரம்பாக்கம் குழு மட்டும் இரண்டு மாசமாக எல்லா வாரமும் பதினொன்றுக்குப் பதினொன்று. தலைவி ராஜாத்திக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. பாஸ்டருக்கு அந்தக் குழுவைப் பற்றி ஏகப் பெருமை. எனக்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. பாதிப் பேர் ஷிப்ட் வேலைக்காரர்கள். ரயில் ஓடாத மழை வாரத்தில்கூட எப்படிப் பதினொன்று? எதை வைத்தாலும் ஒரே ரீடிங் காட்டுகிற அளவுக் கருவியைப் பழுதென்று தூக்கித் தனியே வைப்பதுதான் கம்பெனியில் எங்கள் வழக்கம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் சொல்லாமல் ரயிலேறிப் போனேன். ஏழு பேர் இருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் ராஜாத்தியைத் தனியாகப் பிடித்தேன்.

"இன்னாம்மா இது? ஏழு பேர்தானே இருக்காங்க?"

"தப்புதாங்க்கா. ஆப்சென்ட்டுன்னு போட்டா மைக்ல பேர் வரும். மத்தவங்க ஷிப்டுன்னு சொல்லிக்குவாங்க. நம்ம குழு ரூபிய அவ ஊட்டுக்காரன் உட்டுட்டுப் போய்ட்டான், அதுலேர்ந்து அவ வர்றதில்ல. அவ பேரை வாசிச்சா ஆளாளுக்கு இன்னா ஏதுன்னு கேப்பாங்க. அவளுக்கு மட்டும் டிக் போட்டா தெரிஞ்சிடும்னு எல்லாருக்கும் போட்டுட்டேன்."

"நீ போய்ப் பாத்தியா?"

"போன் அடிச்சேன், எடுக்கல. வெக்கப்படுறான்னு உட்டுட்டேன்."

ரூபி வீடு இரண்டு தெரு தள்ளி. ராஜாத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த ரூபிக்குப் பின்னால் துணிப்பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"ரெண்டு மாசமா ஒருத்தரும் வரலக்கா. நான் வராதது யாருக்குமே தெரில போலன்னு நெனச்சேன். வேலைய உட்டுட்டு நாளைக்கு மீஞ்சூருக்கு, அம்மா ஊட்டுக்கே போய்டலாம்னு இருக்கேன்."

என் ஷீட்டில் அந்த இரண்டு மாசமும் அவளுக்கு டிக் இருந்தது. எனக்கு மானமே போய்விட்டது. ராஜாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் உள்ளே போய் டீ போட்டேன். டீயைக் குடித்துவிட்டு ரூபி பைகளை அவிழ்த்தாள்.

மறுநாள் பாஸ்டரிடம், "ஐயா, பேர் வாசிக்கிறத நிறுத்துங்க. இல்லன்னா எனக்குப் பொய்தான் வரும்" என்றேன்.

"அவங்களுக்காக ஜெபிக்கத்தானே சிஸ்டர் வாசிச்சேன்" என்றார். வெள்ளிக்கிழமைக்கு எழுதி வைத்திருந்த பட்டியலை மடித்துக்கொண்டே, "சரி, நிறுத்திடலாம்" என்றார்.

இந்த மாதிரி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருகைப் பதிவை வைத்து ஆளைத் தலைகுனிய வைத்தால், அதற்குப் பிறகு அதில் உண்மை வராது. வராதவரைப் போய்ப் பார்க்கத்தான் அந்தப் பதிவு.

அடுத்த புதன் ராஜாத்தியிடமிருந்து மெசேஜ் வந்தது: "பதினொண்ணுல ஆறு பேர்தாங்க்கா. ரூபி வரல, காய்ச்சல். கூட்டம் முடிஞ்சு நான் அவ ஊட்லதான் இருக்கேன்."