நம்பர் மேலே தெரிய மாட்டிய பேரிங்

லூர்துநாதன் என்ற பேர் ஆரோக்கிய ராணியின் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு மழைநாளில்தான். அண்ணன் லூர்து பிரகாஷ் சேறும் சகதியுமாக வயலிலிருந்து வந்து, "கடலூர் முதுநகர்லேர்ந்து லூர்துநாதன்னு ஒரு மெக்கானிக் வந்தாரு. செத்துக் கெடந்த பம்புக்கு உசுரு குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றான். மறு வருஷமே அந்த ஆளுக்குத் தங்கையைக் கட்டிக் கொடுத்தான்.

பிரகாஷின் நிலம் சிதம்பரத்துக்குக் கிழக்கே, அம்மா வழியில் வந்த பள்ளக் கழனி. மழைக்காலத்தில் அங்கே நெல் பிழைப்பதும் அழுகுவதும் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் அந்த ஒரு பம்பின் கையில். அதன் தண்டு நட்டுவைத்த கம்பம் போல நிற்கும். பெல்ட் அதைப் பக்கவாட்டில் இழுக்கும். அடியில் சுழலும் இறக்கை தண்ணீரை மேலே தள்ளத் தள்ள, தண்டு கீழே அழுந்தும். அந்த இரண்டு பாரத்தையும் உச்சியில் இருக்கும் பேரிங்தான் சுமந்தாக வேண்டும்.

போன கார்த்திகையில் சம்பாப் பயிர் முழுகிக் கிடந்தபோது அந்தப் பேரிங் கருகிப்போனது. லூர்துநாதன் கைவசம் இருந்த சாதா பேரிங்கை மாட்டினார். பொழுது சாய்வதற்குள் அதுவும் போனது. மறுநாள் காலையில் ராணியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்தில் சபேசனின் பேரிங் கடைக்குப் போனார்.

"சாதா பேரிங் இழுப்புக்குத்தாங்க தாங்கும், அழுத்தத்துக்குத் தாங்காது" என்றார் சபேசன். "இது ரெண்டுக்கும் தாங்கும். ஆனா ஒரு பக்கமாத்தான். கனமான பக்கம் கீழ வரணும். கடையில இருக்கறதே இது ஒண்ணுதான்."

வயலில் லூர்துநாதன் அந்தப் பேரிங்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததும் பிரகாஷுக்குச் சிரிப்பு.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ நேரம் பாக்கல நீங்க."

"அத பாத்து என்னா, மாத்தவா முடியும் மச்சான்? இதுல பழுது இருந்தா திருப்பிக் குடுக்கலாமில்ல."

ராணியும் சிரித்துவிட்டாள்.

பம்பு ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்த சத்தம் கேட்டு ராணி சிலுவை போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் கரகரவென்று அரைத்தது, பம்பு நின்றது. கழற்றினால் உள்ளிருந்த குண்டுகள் உதிர்ந்தன. அவர் அதைத் திருப்பி நம்பரைப் பார்த்தார். எந்தப் பேரிங்கையும் நம்பர் மேலே தெரியத்தான் மாட்டுவார், அடுத்து வருகிறவன் கழற்றாமலே படிக்கட்டும் என்று. இதில் நம்பர் அடித்திருந்ததே கனமான பக்கத்தில்தான்; கீழே வரவேண்டியது மேலே போய்விட்டது.

"கை பழக்கத்துல போட்டுட்டன், ராணி."

சபேசனுக்குப் போன் போட்டார்கள். "மெட்ராஸ்லேர்ந்து வரணுங்க. ரோடெல்லாம் தண்ணி, லாரிக்காரன் வரமாட்டேங்கறான்."

அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. வாளியால் இறைத்தார்கள், இறைத்த தண்ணீர் மறுபக்கம் வழியாகத் திரும்பி வந்தது. மழை விடவில்லை. பயிர் மஞ்சளித்து, பிறகு நாறத் தொடங்கியது. பிரகாஷ் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தேவலாம். "வுடு மாப்ள, பேயுற மழய யாரு என்னா பண்றது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேரிங் வந்து சேர்ந்தபோது காப்பாற்ற அங்கே பயிர் இல்லை.

அதன்பிறகு பம்பு வேலை என்று யார் கூப்பிட்டாலும் அவர் போகவில்லை. ராணி சொல்லியும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள்.

லூர்துநாதன் இப்போது கடலூர் பக்கம் குடிகாட்டில், ஒரு கெமிக்கல் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார்.